மாமாவின் தலைக்கு மேல் ஒரு வசனம்

கௌதள்ளி
19 ஜனவரி 2025

கிரண் அவர்களுக்கு,

"கர்த்தருக்குள் பிரியமான" என்று ஆரம்பித்து, தாளைக் கிழித்துப் போட்டேன். கர்த்தருக்குள் நீங்கள் பிரியமானவராக இருக்கலாம், அது அவர் பாடு. என்னால் இப்போதைக்கு உங்கள் பெயரை மட்டும்தான் எழுத முடிகிறது.

போனில் பேசக் கூடாது, எழுதத்தான் வேண்டும் என்று ரத்தினசாமி பாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போன்ல நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லம்மா, மோதிக்கறீங்க. எழுதினா ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிட்டு இருக்கணும்ல" என்றார். ஈஸ்டருக்கு முன்னால் அவருக்கு ஒரு பதில் வேண்டுமாம். சேர்ந்து வாழப்போகிறோமா, பிரியப்போகிறோமா. உங்களிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

கௌதள்ளி சுகாதார நிலையத்துக்கு நர்ஸ்கள் யாரும் கேட்டு வருவதில்லை. நான் கேட்டு, அதே வாரம் வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு கொடுத்த மாதம்மா தினமும் ஒரே கேள்விதான். "வூட்டுக்காரரு எப்பங்க சிஸ்டர் வருவாரு?" வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஊசி போடும் கையோடு பொய்யும் சொல்லிப் பழகியாயிற்று.

ஒரு அட்டைக்காக வீட்டை விட்டுப் போனாள் என்று நீங்கள் பாஸ்டரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது என்ன அட்டை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். புத்தாண்டு ஆராதனையில் குடும்பத் தலைவர்கள் முன்னே போய் அந்த வருடத்துக்கு ஆண்டவர் கொடுக்கும் வாக்குத்தத்தமாக பைபிள் வசனம் எழுதிய அட்டையை எடுக்க வேண்டும். நம் சபையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நீங்கள் என் முழங்கையைத் தள்ளி, "நீயே போய் எடுத்துக்கோ, நான் வண்டிய வெளிய எடுக்கறேன்" என்றீர்கள். அந்த வரிசையில் பெண்கள் மூன்று பேர் நின்றோம். இரண்டு பேர் விதவைகள். மூன்றாவது நான். தட்டை நீட்டிக்கொண்டிருந்த மூப்பர் என் பின்னால் எட்டிப் பார்த்தார், நீங்கள் வருகிறீர்களா என்று. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஜெபிக்கிற ஆள்தான் வேண்டும் என்று வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பியவள் நான். வசதியானவர்கள் வந்தார்கள், பார்க்க லட்சணமானவர்கள் வந்தார்கள். காத்திருந்தேன். வாலிபர் முகாமில் நீங்கள் எழுந்து சாட்சி சொன்னபோது, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பதைப் பற்றிச் சொல்லி அழுதபோது, இவர்தான் என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்த அன்று எனக்கு வந்த அதே வசனம் உங்களுக்கும் வந்திருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன அடையாளம் வேண்டும்?

மூன்று வருடமாக அந்த நாலு மணி ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு நம் வீட்டில் கேட்பது உங்கள் குறட்டை மட்டும்தான்.

வினிதா


அக்ரஹாரம், மைசூரு
28 ஜனவரி 2025

வினிதா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். முதலாளி, "ஏனு கிரண், கோர்ட் நோட்டீசா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

எனக்குத் தமிழ் ஞாயிறு பள்ளியில் வந்ததோடு சரி, மற்ற படிப்பெல்லாம் கன்னடத்தில். நீ சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்காராதே.

அந்த அட்டை விஷயம். வண்டி ஒரு சாக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். "குடும்பத் தலைவர்கள் முன்னே வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டதும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டில் நான் என்றைக்குத் தலைவராக இருந்தேன்? கல்யாணமான புதிதில் ராத்திரி ஜெபம் நான்தான் செய்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி ஆமென் சொன்னேன். நீ கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா?" என்றாய். அடுத்த நாள் கொஞ்சம் நீளமாகச் செய்தேன். ஒரு வார்த்தையைத் திருத்தினாய். அதற்கு அடுத்த நாள், "நீயே செஞ்சிடு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஊதுபத்தி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன் மேல் ஊதுபத்தி வாசனைதான் வரும். வாசலிலேயே நிறுத்தி, "கோயில் வாசனையோட ஜெபத்துக்கு உக்காராதீங்க, குளிச்சிட்டு வாங்க" என்பாய். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவனுக்கு ஒரு டம்ளர் காபி அதற்கு அப்புறம்தான். உனக்கு வேண்டியிருந்தது புருஷன் இல்லை வினிதா. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த ஒரு தேவதூதன். நான் வந்து மாட்டிக்கொண்டேன்.

நாலு மணி விஷயத்துக்கு வருகிறேன். அது பொய் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க நாலு மணிக்கு எழுந்தேன். பயத்தில் தூக்கம் வரவில்லை, அதனால் எழுந்தேன். அம்மா பிழைத்தாள், எனக்குத் தூக்கமும் திரும்பி வந்தது. முகாமில் நடந்ததைத்தான் சொன்னேன். அது என் வாழ்க்கையில் ஒரு மாதம். நீ அதை ஆள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டாய்.

நானும் ஏமாந்தவன்தான், அதையும் கேட்டுக்கொள். பாடகர் குழுவில் எல்லாரும் சுருதி தப்பினபோது நீ மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். இப்படிச் சிரிக்கிற பெண் வீட்டில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக அந்த வசனம். நீயே பேச்சை எடுத்தாய், அதனால் சொல்கிறேன். அந்த வருடம் உனக்கு வந்த வசனத்தை உன் அப்பா பலகையில் தங்க எழுத்தில் எழுதி ஹாலில் மாட்டியிருந்தார். அவர் அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "தம்பி, எங்க பொண்ணைக் குறிச்சு ஆண்டவர் உங்களுக்கு ஏதாவது வசனம் கொடுத்தாரா?" என்று கேட்டார். எனக்கு வியர்த்தது. நிமிர்ந்தேன். மாமாவின் தலைக்கு மேல் இருந்ததை வாசித்தேன். நீ காபித் தட்டோடு கதவோரம் நின்றாய். நான் நிமிர்ந்ததை நீ பார்த்தாய் வினிதா. நம் கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் நீ, "அல்லேலூயா" என்றாய்.

கிரண்


கௌதள்ளி
8 பிப்ரவரி 2025

கிரண் அவர்களுக்கு,

பத்து நாளாக எழுதவில்லை. இந்தக் கடிதமும் உங்களுக்குப் பதில் சொல்வதற்காக இல்லை, ஒரு காரியம் கேட்பதற்காக.

ஆனாலும் எழுதிவிட்டீர்கள். ஆம், நீங்கள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. என்னோடு பாடினவர்களெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்கு வருவார்கள், "இன்னும் ஜெபிச்சிட்டுதான் இருக்கியா?" என்று கேட்பார்கள். எதிரில் நல்ல முகத்தோடு ஒருவர் வியர்த்துப்போய் நிற்கிறார், என் வசனத்தைச் சொல்கிறார். எங்கேயிருந்து சொன்னால் என்ன என்று அந்த நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடம் அதை மறந்தேன். மறந்தது மறந்தபடியே இருந்திருக்கும், நீங்கள் நான் கேட்ட ஆளாக இருந்திருந்தால்.

போதும். காரியத்துக்கு வருகிறேன்.

என் தங்கை சோனியாவுக்கு வரன் வந்திருக்கிறது. மனோஜ்குமார் என்று பெயர், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசிப் பழகியிருக்கிறார்கள், பிடித்தும் இருக்கிறது. அப்பாவுக்கு இது தெரியாது. லெந்து காலம் தொடங்கினால் நாற்பது நாளும் சுபகாரியம் பேச மாட்டார்கள் என்பதால் மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லியிருக்கிறார் அப்பா.

நான் வேலை மாற்றத்தால்தான் கௌதள்ளியில் இருக்கிறேன் என்று விஜயநகரில் அப்பா வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூத்த மருமகன் அன்று வராவிட்டால் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அக்கா வாழாவெட்டி என்று தெரிந்தால் தங்கையின் காரியம் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் ஒரு சாயங்காலம் மட்டும் வாருங்கள். என் பக்கத்தில் உட்காருங்கள். சண்டை இல்லாத புருஷன் மனைவியாக இருந்துவிட்டுப் போவோம். எனக்காக இல்லை, சோனியாவுக்காக. அவள் உங்களை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

வினிதா


அக்ரஹாரம்
15 பிப்ரவரி 2025

வினிதா,

வருகிறேன். நீலச் சட்டைதானே போட வேண்டும்? குளித்துவிட்டே வருகிறேன், பயப்படாதே.

ஒன்று மட்டும். மாமா அந்தப் பையனிடமும் அதே கேள்வியைக் கேட்பார். பலகை இன்னும் அங்கேயே மாட்டியிருக்கிறதா? இருந்தால் கழற்றிவிடு. உன் தங்கை மேல் உனக்கு அக்கறை இருந்தால் கழற்று. அவன் சொல்வது அவன் சொந்தப் பேச்சாக இருக்கட்டும். நாலு வார்த்தையானாலும் அவன் வாயிலிருந்து வரட்டும். நம்மை மாதிரி இன்னொரு ஜோடி இந்த ஊருக்கு வேண்டாம்.

என்னால் நடிக்க முடியுமா என்று நீ யோசிப்பாய். முடியும். எனக்கு அதில் அனுபவம் உண்டு.

கிரண்


கௌதள்ளி
5 மார்ச் 2025, சாம்பல் புதன்

கிரண்,

இந்தத் தடவை "அவர்களுக்கு" கிடையாது.

நீங்கள் சொன்னபடி பலகையைக் கழற்றினேன். சனிக்கிழமையே வந்து, கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி, கடையில் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய் என் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. நீங்கள் உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம் நாம் ஒரு கட்சி என்று தோன்றியது எனக்கு. வெட்கமாக இருக்கிறது அதை எழுதுவதற்கு.

அந்தப் பையன் எவ்வளவு அழகாகப் பேசினான்! அப்பா கேட்டார், "ஆண்டவர் வசனம் ஏதாவது கொடுத்தாரா தம்பி?" அவன் மேலே பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தான். "இல்லீங்க அங்கிள். வசனமெல்லாம் எனக்கு வரலை. சோனியாவ புடிச்சிருக்கு, அஷ்டே, அவ்வளவுதான். எனக்குச் சீக்கிரம் கோபம் வரும், சீக்கிரம் போயிடும். பெரிய ஜெபமெல்லாம் வராது. ஞாயித்துக்கெழமை தவறாம கோயிலுக்குப் போவேன், சம்பளத்த வீட்ல கொடுப்பேன், கை ஓங்க மாட்டேன். முன்னாடியே சொல்லிடறது நல்லதுன்னு தோணுச்சு" என்றான். சோனியா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. "ஆண்டவர் சித்தம் தெரியாம எப்படி தம்பி? எங்க மூத்த மருமகனைக் கேளுங்க. அவருக்கு எப்படிக் கொடுத்தார்னு அவர் வாயாலேயே சொல்லட்டும்" என்று உங்கள் பக்கம் திரும்பினார்.

நீங்கள் "அதெல்லாம் எதுக்கு மாமா" என்று சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தாலும் போதும். நீங்கள் எழுந்து நின்றீர்கள்! முகாமில் நின்ற மாதிரியே நின்றீர்கள். நாலு மணி, முழங்கால், கண்ணீர், அந்த வசனம் உங்கள் உள்ளத்தில் மெல்லிய சத்தமாக வந்தது, எல்லாம் சொன்னீர்கள். குரல் தழுதழுத்தது. மனோஜின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மனோஜ் தலை குனிந்தான். தான் ஏதோ கம்மியான கிறிஸ்தவன் என்று அந்தப் பிள்ளையை நினைக்கவைத்துவிட்டீர்கள்.

"ஜெபிச்சிட்டு அப்புறமா சொல்றோம்" என்று அப்பா அவர்களை அனுப்பினார். நம் ஆட்களிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரிந்தது. காபியை வைத்துவிட்டுப் போனார்கள்.

சோனியா என்னோடு பேசுவதில்லை. நான்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைவரை நீங்கள் ஒரு சோம்பேறி என்றுதான் நினைத்தேன். அது பரவாயில்லை.

வினிதா


அக்ரஹாரம்
13 மார்ச் 2025

வினிதா,

உன் கோபம் நியாயம். ஆனால் பாதிக் கதையை எழுதிவிட்டு மீதியை விட்டுவிட்டாய்.

மாமா என் பக்கம் திரும்பினபோது நீ சமையலறையிலிருந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். என் தோளில் கை வைத்தாய். வீட்டை விட்டுப் போன பிறகு, ஏன், அதற்கு முன்பும் பல மாதமாக, நீ என்னைத் தொட்டதில்லை. அந்தக் கை என்ன சொன்னது? வாயை மூடு என்றா? எனக்கு அப்படிக் கேட்கவில்லை. காப்பாற்று என்று கேட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால், மூத்த பெண்ணின் கல்யாணமே ஒரு பலகையைப் பார்த்து வாசித்ததுதான் என்று அந்த ஹாலில் சொல்லியிருந்தால், உன் கதி என்ன? உன் அப்பா மூன்று வருடமாக விஜயநகர் முழுக்க, வீட்டு ஜெபக் கூட்டங்களிலெல்லாம், நம் கதையைத்தான் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சண்டை இல்லாத புருஷன் மனைவியாக இருப்போம் என்று எழுதியது நீ. இருந்தேன். அதற்கும் மேலே போய், நீ இவ்வளவு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆளையே ஒரு சாயங்காலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எழுந்து நிற்கிறவன், சரளமாகப் பேசுகிறவன், கண் கலங்குகிறவன். நான் திரும்பிப் பார்த்தபோது உன் கண்ணும் கலங்கியிருந்தது. நீ என்னை அப்படிப் பார்த்தது வாலிபர் முகாமுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பொய் என்று தெரிந்தே பார்த்தாய். அந்த நடித்த ஆள் மேல் எனக்கே பொறாமையாக இருந்தது வினிதா. நிஜமான என்னை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருக்கிறாயா?

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். சனிக்கிழமை மனோஜைப் போய்ப் பார்த்தேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வசனம் எங்கே இருந்தது என்பதையும் சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். அப்புறம், "பலகை அங்கியே இருந்திருந்தாலும் நான் வாசிச்சிருக்க மாட்டேண்ணா" என்றான். அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சோனியா மேல தப்பில்லை. ஆனா எங்கம்மா அந்த வீட்ல அழுதாங்க. அது பொய்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நான் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்? வேணாம்ணா, ஆயித்து, விட்டுடுங்க."

அங்கிருந்து நேராக பாஸ்டரிடம் போனேன். அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "பீடத்துக்கு முன்னாடி நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் என்ன கேட்டேன் கிரண்? வசனம் வந்துச்சான்னா கேட்டேன்? சம்மதமான்னு கேட்டேன். சுகத்துல, வியாதியில, இருக்கறப்ப, இல்லாதப்ப. அங்க யாரும் எதையும் பாத்து வாசிக்கல. அதுக்கு மட்டும் இப்ப பதில் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

கிரண்


விஜயநகர், மைசூரு
6 ஏப்ரல் 2025

கிரண்,

லீவு போட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு உங்களுக்குத் தபால் எழுதுகிறேன். பாஸ்டர் வைத்த விதியையாவது மீறாமல் இருக்கிறேன் என்று இருக்கட்டும்.

நேற்று பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியில் விரிசல் எதுவும் இல்லை என்றேன். கிரண் இதைப் பார்த்துத்தான் வாசித்தார் என்றேன். நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றும் சொன்னேன். அப்பா உடைந்துபோவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து அம்மாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேட்டி நுனியால் பலகையில் இருந்த தூசியைத் துடைத்தார். "எனக்குத் தெரியாதா? பலகை என் தலைக்கு மேலதான இருந்துச்சு. பையன் நிமிர்ந்து பாத்தான், வாசிச்சான். வாசிக்கட்டும்னு விட்டேன். உனக்கு முப்பத்தொண்ணு ஆகியிருந்துச்சும்மா. இன்னும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பறது?" என்றார்.

அப்படியானால் மனோஜை ஏன் அனுப்பினீர்கள் என்று கத்தினேன். அப்பா என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தார். "கேக்கறப்ப ஏதோ ஒண்ணு சொல்லணும்ல? நான் என்ன பதிலைச் சோதிக்கவா போறேன்? சபையில பத்து பேர்கிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒரு வசனம் வேணும். அதுக்குத்தான் பலகையே அங்க இருக்குது. நீ அதைக் கழட்டாம இருந்திருந்தா அவனும் வாசிச்சிருப்பான், இந்நேரம் நிச்சயம் முடிஞ்சிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து ஆணியில் திரும்ப மாட்டினார். நேராக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.

நான் ஜெபித்துக் காத்திருந்த வருடங்களெல்லாம் இந்த வீட்டில்தான் போயின. எனக்குப் புருஷனாக வருகிறவன் விசுவாசத்தில் அப்பா மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சோனியா எல்லாவற்றையும் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனோஜ் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவன் வாசித்திருக்க மாட்டான் என்றதும் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் மீதியையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அக்கா, நீயும் மாமாவும் பிரியாதீங்க" என்றாள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. என் கஷ்டம் இவளுக்காவது புரிகிறதே என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டு சொன்னாள், "பிரிஞ்சா ரெண்டு பேரும் ஆளுக்கொருத்தரைத் தேடுவீங்க. இன்னும் ரெண்டு குடும்பம் கெட்டுப்போகும். பொய் சொன்னவருக்குப் பாத்துட்டுச் சும்மா இருந்தவ. உங்களுக்கு உங்களைவிடப் பொருத்தமா யாரும் கிடைக்க மாட்டாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. இதுவரை யாரும் எனக்கு இவ்வளவு சரியாக வரன் பார்த்ததில்லை.

நான் பொருத்தம் தேடியபோது என்னை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை கிரண். தேவதூதனைக் கேட்டேன், அவன் எதற்காக என்னைக் கட்டிக்கொள்வான் என்று யோசிக்கவில்லை. ஜெபத்தைத் திருத்துகிறவள், வாசலில் நிறுத்துகிறவள், கண்ணால் பார்த்ததை மறந்துவிடுகிறவள். எனக்கு வந்தது எனக்குத் தக்க ஆள்தான். இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. அழுது முடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

மாற்றல் கிடைத்ததும் வீட்டைக் காலி செய்கிறேன் என்று மாதம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். மைசூருக்கு மாற்றல் கேட்டு எழுதியாயிற்று. கிடைக்கும்வரை சனி ஞாயிறு அக்ரஹாரத்துக்கு வருகிறேன். இந்தச் சனிக்கிழமையிலிருந்து. வீட்டைக் கூட்டிவைக்காதீர்கள், பூ வாங்கிவைக்காதீர்கள். கடையிலிருந்து வந்த கையோடு உட்காருங்கள், காபி போட்டுத் தருகிறேன். அந்த வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. பொறுத்துக்கொள்கிறேன். நாலு மணிக்கு நான் எழுந்தால் உங்களை எழுப்ப மாட்டேன். நீங்கள் ஜெபித்தால் எவ்வளவு நேரம் என்று பார்க்க மாட்டேன். சிரிப்பு வருமா என்று தெரியாது, அதற்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

பாஸ்டர் கேட்டதற்குப் பதில் சம்மதம். என் பெயரில் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் பதில் வேறாக இருந்தால் சனிக்கிழமைக்கு முன் ஒரு வரி எழுதிப்போடுங்கள், நான் வரவில்லை.

ஒன்றே ஒன்று. ஈஸ்டர் அன்று எல்லார் முன்னாலும் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. யாராவது கேட்டால், சேர்ந்து வாழ்கிறார்கள் என்று மட்டும் பாஸ்டர் சொல்லட்டும். ஆண்டவர் சேர்த்துவைத்தார் என்று சொல்ல வேண்டாம். பெண் பார்த்த அன்று அந்த ஹாலில் நீங்கள், நான், அப்பா மூன்று பேரும் செய்ததை அவர் தலையில் கட்டினது போதும்.

வினிதா